மடத்துவெளியில் ஒரு சொல்

எங்கள் வீட்டுக்காரருக்கு ஓய்வூதியம் வந்த கையோடு விசரும் வந்துவிட்டது என்று அயலெல்லாம் சொல்லித் திரிந்தேன். ஆயுள் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்த மனிதர். சுவரில் ஒரு ஆணி அடிக்கச் சொன்னால் அளந்து முடிக்கவே பொழுதுபட்டுவிடும். அப்படிப்பட்டவர் ஒரு பழைய வான் வண்டியை வாங்கி, பின்னால் இருந்த ஆசனங்களைக் கழற்றி எறிந்துவிட்டு, அதற்குள் ஒரு கட்டில், ஒரு சின்னக் காஸ் அடுப்பு, தண்ணீருக்கு ஒரு நீலத் தாங்கி, சன்னலுக்குச் சீலை என்று ஒரு வீட்டையே கட்டிவிட்டார்.

"உதுக்குள்ள ஆர் படுக்கிறது?" என்று கேட்டேன்.

"நானும் நீரும்தான்."

"எனக்கென்ன விசரே?"

இவர் கடைக்குப் போன நேரம் பார்த்து ஏறிப் படுத்துப் பார்த்தேன். சன்னலுக்குள்ளால் முற்றத்து மாமரம் முழுக்கத் தெரிந்தது. வடிவாகத்தான் இருந்தது. ஆனால் இவருக்கு நான் அதைச் சொல்லவில்லை. சொன்னால் பிறகு ஆளைப் பிடிக்க ஏலாது.

வெளிநாட்டில் சனம் இப்படித்தான் வானிலேயே சமைத்து, வானிலேயே படுத்து, நினைத்த இடத்தில் நின்று நின்று ஊர் பார்க்கிறதாம். வீடியோவில் பார்த்தாராம். "நாங்களும் போவம். ஒரு அவசரமும் இல்லாமல், தெரிஞ்ச ஆக்களையும் பாத்துக்கொண்டு" என்றார். எங்கே என்று கேட்டால், தீவுப் பக்கமாம். அம்மாளாச்சி! பஸ்ஸில் ஏறினால் ஒரு கண் அயர முதல் போய் இறங்கிவிடுகிற இடம். அங்கே போக வீட்டையும் காவிக்கொண்டு போக வேண்டுமா என்று நான் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பு அடங்க முதல்தான் ரொறன்ரோவிலிருந்து அழைப்பு வந்தது. எடுத்தது என் சினேகிதியின் மகன். அவளும் நானும் பள்ளிக்கூட விடுதியில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். புங்குடுதீவு மடத்துவெளிக்காரி, ஊரிலேயே தமிழ் ரீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். போன வருடம் அவளுக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கமும் பேச்சும் போய்விட்டன. ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தபோது பார்த்ததுதான். வீட்டுக்கு வந்த பிறகு நான் போகவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே இருந்தேன்.

"அன்ரி, ஒருக்காப் போய் அம்மாவைப் பாத்துச் சொல்லுங்கோ" என்றான் மகன். "ஆக்களைத் தெரியுதோ, கதைக்கிறது விளங்குதோ எண்டு இஞ்ச இருந்து எனக்கு ஒண்டும் பிடிபடேல்லை. ஒண்டும் தெரியாதெண்டா எங்க இருந்தாலும் ஒண்டுதானே? நான் வாற மாசம் வந்து கொழும்பில ஒரு முதியோர் விடுதியில சேத்துப்போட்டு வீட்டைப் பூட்டப் போறன். அவவுக்குத் தெரியுமெண்டா அது வேற கதை. நீங்கள் என்ன சொல்லுறியளோ அதுதான்."

போனை வைத்த பிறகு எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. நான் என்ன நீதவானா? என் வாயிலிருந்து வருகிற ஒரு சொல்லில் ஒருத்தியின் வீடு பூட்டுப்படப் போகிறதா? அதைவிடப் பெரிய பயம் ஒன்று அடியில் கிடந்தது. அவள் என்னைப் பார்த்து, தெரியாத ஒருத்தியைப் பார்ப்பதுபோல் பார்த்தால் நான் என்ன செய்வேன்?

"அப்ப தீவுப் பயணம் நல்லதாப் போச்சு" என்றார் இவர். கணக்கு வாத்தியாருக்கு எல்லாம் சமன்பாடுதான்.

தைப்பொங்கல் கழிந்து, விடியப்புறத்தில் பனி விழுகிற நாட்கள். பண்ணைப் பாலத்தில் வான் ஏறியபோது சூரியன் அப்போதுதான் வெளிக்கிட்டிருந்தது. இந்தப் பாதையால் நான் எத்தனையோ தரம் போயிருக்கிறேன். பஸ்ஸில் நின்றுகொண்டு, யாரோ ஒருவரின் கமக்கட்டைப் பார்த்தபடி போயிருக்கிறேன். இருந்து போனது அன்றுதான். இடமும் வலமும் கடல். கடல் என்று சொல்ல முடியாது. முழங்கால் நனைய நடந்தே போய்விடலாம் போன்ற தண்ணீர், ஒரு சுருக்கமும் இல்லாமல், வானத்தின் நிறத்தை அப்படியே வாங்கிவைத்துக்கொண்டு கிடந்தது. கரையில் நட்ட தடிகளில் காகங்கள் இருந்தன. நடுவில் ஒரு மனிதர் இடுப்பளவு தண்ணீரில் நின்று வலையை உதறிக்கொண்டிருந்தார். அவ்வளவு தூரத்தில் தரை தட்டும் என்று யாரால் நம்ப முடியும்?

"இஞ்சாருங்கோ, நிப்பாட்டுங்கோ!" என்று கத்திவிட்டேன்.

மண்டைதீவுச் சந்தி தாண்டின வெளியில், தண்ணீருக்கு மேல் ஒரு இளஞ்சிவப்புக் கோடு கிடந்தது. முதலில் ஏதோ சீலை காயப் போட்டிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். பிறகு அந்தக் கோடு அசைந்தது. பூநாரைகள். எல்லாம் தலையைத் தண்ணீருக்குள் கவிழ்த்து, ஒன்றையொன்று முட்டாமல், ஒரே பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தன. பின்னால் வந்த பஸ்காரன் கோர்ன் அடித்துத் திட்டிவிட்டுப் போனான். திட்டட்டும். எங்கேயோ கண்காணாத தேசத்தில் இருந்தெல்லாம் பறந்து வருகிற பறவைகள் என் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் நின்று சாப்பிடுகின்றன. நான் இத்தனை வருடமும் கொக்கு என்று நினைத்துக்கொண்டு பஸ்ஸில் போயிருக்கிறேன்! எனக்கு என்னிலேயே கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. இவர் இறங்கி எண்ணத் தொடங்கினார். எண்ணி முடிக்க முன்னமே அவ்வளவும் ஒன்றாக எழும்பின. செட்டைக்குள் ஒளித்து வைத்திருந்த சிவப்பெல்லாம் ஒரே நேரத்தில் வெளியே வந்தது. இவர் எண்ணுவதை விட்டுவிட்டு வாயைப் பிளந்தார்.

அன்றைக்கு ஊர்காவற்துறையில் தங்கினோம். இவரோடு படிப்பித்த ஒருவர், கத்தோலிக்கர், கடற்கரையிலேயே வீடு. தமையன்மார் எல்லாரும் கடற்றொழிலுக்குப் போகிற ஆட்கள். நாங்கள் வானிலே படுக்கப் போகிறோம் என்றதும் அவர் மனைவிக்கு ரோசம் வந்துவிட்டது. "ஏன் அக்கா, எங்கட வீட்டில கட்டில் இல்லையோ?" இவர் வானைத் திறந்து அடுப்பையும் தாங்கியையும் காட்டிப் பெருமை அடித்த பிறகுதான் சமாதானமானா. ஆனாலும் என்னை அடுப்பு மூட்ட விடவில்லை. ஒட்டி மீன் சொதியும் இடியப்பமும் வானுக்கே வந்தன. பின்னேரம் இறங்குதுறையில் போய் நின்றோம். கடல் நடுவில் அந்தப் பழைய கோட்டை, தண்ணீரில் இருந்தே முளைத்ததுபோல் நின்றது. மண் எங்கே, கல்லை எதில் வைத்தார்கள், ஒன்றும் தெரியவில்லை. வெயில் சாய அதன் சுவர் பொன் நிறமாகி, பிறகு செம்மையாகி, பிறகு கறுத்துப்போனது. நான் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தபடியே நின்றேன்.

அடுத்த நாள் சாட்டிக் கடற்கரைக் கிணற்றில் தாங்கியை நிரப்பினோம். கடல் அலை வந்து அடிக்கிற இடத்திலிருந்து கொஞ்சத் தூரம்தான். கிணற்றுத் தண்ணீர் இளநீர் மாதிரி. ஒரு வாளி அள்ளித் தலையில் ஊற்றிக்கொண்டேன். பிறகு வேலணை வயல் வெளிகள், பிறகு கடலுக்குக் குறுக்கே அந்த நீளப் பாலம், பிறகு புங்குடுதீவு. பாலம் முடிந்ததும் மடத்துவெளி, அவளின் ஊர்.

இவர் வேகத்தைக் குறைத்தார். "இறங்குவமோ?"

"வரேக்க பாப்பம். முதல் நெடுந்தீவுக்குப் போவம். படகு போயிடும்."

"நீர் பயப்பிடுறீர்."

"ஆர் பயப்பிடுறது? றோட்டைப் பாத்து ஓட்டுங்கோ."

அவளின் ஒழுங்கை வந்தபோது நான் மற்றப் பக்கம் திரும்பி, ஒரு பனையைக் கவனமாகப் பார்த்தேன்.

குறிகட்டுவான் இறங்குதுறையில் வானை ஒரு மர நிழலில் விட்டுவிட்டுப் படகேறினோம். காஸ் சிலிண்டர், கோழிக்கூடு, சீமெந்து மூட்டை, ஒரு புதுக் கதிரை, அதற்கு மேல் நாங்கள். நடுக்கடலில் படகு தூக்கித் தூக்கிப் போட்டது. எனக்குப் பக்கத்தில் இருந்த பெண் அதற்குள்ளேயே முருங்கையிலை ஆய்ந்துகொண்டு வந்தா.

நெடுந்தீவைப் பற்றி என்ன சொல்ல? கலியாணம் முடித்த நாளிலிருந்து நான் இவருக்கு முன்னால் வாய் திறக்காமல் இருந்த ஒரே நாள் அதுதான் என்று இவர் இப்போதும் சொல்லிக்காட்டுவார். ஓட்டோவில் போனோம். வேலி என்றால் எனக்குத் தெரிந்தது கிடுகு, தகரம், மதில். அங்கே வேலியெல்லாம் கடற்கல், பவளப்பாறை. சாந்து இல்லை, ஒன்றும் இல்லை. கல்லுக்கு மேல் கல்லாக அடுக்கி விட்டிருக்கிறார்கள். ஓட்டோவை நிறுத்திக் கிட்டப் போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு கல்லிலும் ஒவ்வொரு பூ. ஒன்றில் சின்னச் சின்ன நட்சத்திரங்கள், ஒன்றில் வளைந்து வளைந்து போகிற கோடுகள். ஒரு காலத்தில் கடலுக்குள் உயிரோடு இருந்தவை. இப்போது யாருடையவோ ஆடு வெளியே போகாமல் மறித்துக்கொண்டிருக்கின்றன. கையால் தடவிக்கொண்டே நடந்தேன்.

பிறகு குதிரைகள். வெட்டவெளியில், கட்டாத குதிரைகள். எப்போதோ ஆண்ட வெள்ளைக்காரர் விட்டுவிட்டுப் போன குதிரைகளின் பிள்ளை பிள்ளைகள். சொந்தக்காரர் இல்லை, லாடம் இல்லை, கடிவாளம் இல்லை. மாரித் தண்ணீர் நின்ற பள்ளத்தில் குடித்துக்கொண்டிருந்தவை எங்களைப் பார்த்து நிமிர்ந்தன. ஒரு தாய்க் குதிரை, வயிற்றோடு ஒட்டிக்கொண்டு ஒரு குட்டி. அது என்னை நேராகப் பார்த்தது. ஒரு எதிர்பார்ப்பும் இல்லாத பார்வை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. "என்ன, அழுறீரோ?" என்றார் இவர். "தூசி" என்றேன். கடற்கரை வெளியில் என்ன தூசி?

அங்கே ஒரு பெருத்த பெருக்கு மரம்; அதன் பொந்துக்குள் ஆளே போய் நிற்கலாம். இவர் உள்ளே போய் நின்று, சுற்றளவை விட்டத்தால் பிரித்து ஏதோ சொன்னார். மரத்துக்குள் இருந்து கணக்குச் சொல்கிற ஒரு மனிதரோடு வாழ்க்கைப்பட்டிருக்கிறேனே என்று நினைக்க எனக்குச் சந்தோசமாகவே இருந்தது.

திரும்பி வந்து, அடுத்த நாள் நயினாதீவு. படகு கிட்டப் போகப் போகக் கோபுரம் கடலுக்கு மேல் நிறம் நிறமாக எழும்பியது. கொஞ்சம் தள்ளி விகாரையின் வெள்ளைக் கூம்பு. படகில் சிங்களச் சனம் தாமரைப் பூவோடு, எங்கள் சனம் தேங்காயோடு. ஒரு படகுதான். அம்மன் சந்நிதியில் நின்று நான் வேறொன்றும் கேட்கவில்லை. "அவளுக்கு என்னைத் தெரியவேணும், தாயே. தெரியாமல் விட்டால் அவள்ர பிள்ளைக்கு நான் என்னெண்டு சொல்லுவன்?" என்று வாய்விட்டே சொன்னேன். பக்கத்தில் நின்ற அம்மா திரும்பிப் பார்த்தா.

இனிச் சாட்டுச் சொல்ல ஒரு தீவும் மிச்சமில்லை.

மடத்துவெளியில் அவளின் வளவுக்குள் வானை விட்டோம். இவர் வேம்பு நிழலுக்குப் பின்பக்கமாக எடுக்கப் போகிறேன் என்று முன்னும் பின்னுமாக உருட்டிக்கொண்டிருந்தார். நான் தனியாக விறாந்தையில் ஏறினேன். அவளைப் பார்த்துக்கொள்ள மகன் வைத்திருந்த பெண்தான் எழும்பி வந்தார். மலையகத்துக்காரர், நாற்பது தாண்டியிருக்கும். முன்னர் கொழும்பில் ஒரு பெரிய வீட்டில் வேலை செய்தவராம். அங்கே தன்னை யாரும் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட்டதில்லை, "ஏய்", "இந்தா"தான் என்று பிறகு கதையோடு கதையாகச் சொன்னார். "வாங்கம்மா, வாங்க. டீச்சரைப் பார்க்க வெளியூர் ஆள் வந்து ரொம்ப நாளாச்சு" என்றார். அது எனக்குச் சுருக்கென்று குத்தியது.

அவள் சாய்மனைக் கதிரையில் இருந்தாள். அந்த நீளத் தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருந்தார்கள். வலக்கை மடியில் யாரோ வைத்துவிட்டுப் போன சாமான் மாதிரிக் கிடந்தது. சட்டையும் சீலையும் சுத்தம், நெற்றியில் திருநீறு, முகத்தில் பவுடர். வடிவாகத்தான் வைத்திருக்கிறார்கள். நான் முன்னால் போய் நின்றேன். பெயரைச் சொல்லவில்லை.

அவள் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். வாயின் ஒரு கரை மெல்ல அசைந்தது. "நீ… நீர்."

"தண்ணி கேட்கிறாங்க" என்று அந்தப் பெண் உடனே கோப்பையைக் கொண்டு ஓடி வந்தார். "பேச்சே இல்லம்மா, இது ஒண்ணுதான். தமிழ் டீச்சரில்லையா, நம்ம மாதிரி தண்ணின்னு சொல்லமாட்டாங்க. சுத்தத் தமிழ்லதான் கேட்பாங்க. நிறையத் தண்ணி குடுக்கச் சொல்லி டாக்டரும் சொன்னாரு." அயலில் உள்ளவர்களும் அப்படித்தான் நம்பியிருந்தார்களாம். வருகிறவர்கள் எல்லாம் ஒரு வாய் தண்ணீர் பருக்கிவிட்டுப் போவார்களாம்.

அவள் உதட்டை இறுக்கி முகத்தைத் திருப்பினாள். தண்ணீர் சட்டையில் வழிந்தது. கண் மட்டும் என்னை விட்டு எடுபடவில்லை. மறுபடியும், இந்தமுறை கோபத்தோடு, "நீர்."

எனக்கு அப்போதுதான் உச்சந்தலையில் அடித்ததுபோல் விளங்கியது. ஐயோ கடவுளே, இவள் தண்ணீர் எங்கே கேட்டாள்? இவள் என்னை அல்லவா கூப்பிடுகிறாள்!

எங்கள் பக்கத்தில் இப்படி ஒரு சொல் இருக்கிறது. "நீ" என்றால் உரிமை. பெற்ற பிள்ளையை, தம்பி தங்கையைச் சொல்வது. "நீங்கள்" என்றால் மரியாதை; பெரியவரை, பிற மனிதரைச் சொல்வது. இரண்டுக்கும் நடுவில் நிற்பது "நீர்". அன்பும் இருக்கும், மதிப்பும் இருக்கும். விடுதியில் நாங்கள் பெட்டைகள் எல்லாரும் ஒருவரையொருவர் நீர்தான். "நீர் குளிச்சிட்டீரோ?" "உமக்குக் கடிதம் வந்ததோ?" அவள் என்னை வாழ்நாளில் வேறு ஒரு சொல்லால் கூப்பிட்டதில்லை.

நிலத்தில் குந்தி அவள் மடியில் முகத்தை வைத்து அழுதேன். வெட்கம் கெட்டு, சத்தம் போட்டு அழுதேன். அவளின் இடக்கை என் தலையில் வந்து விழுந்தது.

இவர் விறாந்தைப் படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். கொஞ்ச நேரத்தில் என்னை வெளியே கூப்பிட்டார். நான் மூக்கைச் சிந்திக்கொண்டு, "பாத்தியளோ? அவவுக்கு என்னைத் தெரியும்" என்றேன்.

"அவசரப்படாதேயும்" என்றார். "அவவைப் பாக்கிற அந்தப் பிள்ளைக்கும் உதைத்தானே சொல்லுறாவாம். வாற போற எல்லாருக்கும் உதுதானாம். எல்லாருக்கும் ஒண்டைச் சொன்னா அது சொல்லில்லை, சத்தம். அந்தப் பெடியன் உம்மை நம்பி முடிவெடுக்கப் போறான். சும்மா அன்பில சொல்ல ஏலாது."

"உங்கட கணக்கைக் கொண்டுபோய்க் கிணத்துக்குள்ள போடுங்கோ!" என்று கத்தினேன். ஆனால் கத்திவிட்டு வேப்ப மரத்தில் சாய்ந்து நின்றபோது, பாழ்பட்ட சந்தேகம் எனக்கும் வந்துவிட்டது. நான் ஆசைப்பட்டதைத்தான் கேட்டேனோ? நாக்கில் ஒட்டிக்கொண்ட ஒரு சத்தத்தை எடுத்து என் நெஞ்சில் குத்திக்கொண்டேனோ? அவன் கேட்டால் என்ன சொல்வேன்?

வெயில் தாழ இவர் ஒரு கதிரையை இழுத்து அவளுக்கு முன்னால் போட்டு இருந்தார். அதுவரை கிட்டப் போகவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பரீட்சை எடுக்கிற மாதிரி, "ரீச்சர், என்னைத் தெரியுதோ?" என்று கேட்டார்.

அவள் இவரைப் பார்த்தாள். நெற்றி சுருங்கியது. இடக்கை சீலைக் கரையைப் பிடித்தது. சரிசெய்ய, தோளை மூட. எங்கள் ஊரில் ஒரு பெண் பிற மனிதருக்கு முன்னால் தன்னையறியாமல் செய்கிற காரியம். வாய் திறந்து மூடியது. எச்சில் வழிந்தது. நான் துடைக்கப் போக, கண்ணாலேயே தடுத்தாள்.

"நீ… நீங்… கள்."

"இது புதுசா இருக்கே" என்றார் அந்தப் பெண், குசினி வாசலில் நின்றபடி.

அப்போது எனக்கு வந்தது என்ன என்று சொல்லத் தெரியவில்லை. பூநாரையைப் பார்த்தும் வாய் பிளந்தேன், குதிரையைப் பார்த்தும் கண் கலங்கினேன். ஆனால் இது வேறு. அந்தத் தலைக்குள் எல்லாம் இடிந்து விழுந்திருக்கிறது. மகனின் பெயர் போய்விட்டது, சோறு என்கிற சொல் போய்விட்டது, படிப்பித்த பாட்டெல்லாம் போய்விட்டது. ஆனால் யார் தனக்கு யார், யாருக்கு எவ்வளவு மரியாதை என்ற அந்த ஒன்று மட்டும் ஒரு மயிரிழை பிசகாமல் நிற்கிறது. கும்பிட வேண்டும்போல் இருந்தது. இவர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "காணும். இனிச் சந்தேகமில்லை" என்றார்.

பொழுதுபடுகிற நேரம், அவனுக்கு அங்கே விடிகிற நேரம், மகன் வீடியோவில் வந்தான். அந்தப் பெண் வழக்கம்போல் போனை அவளுக்கு முன்னால் பிடித்தார். சத்தத்தைக் கூட்டியே வைத்திருந்தார்.

"அம்மா, எப்பிடி இருக்கிறியள்?"

அவள் முகம் முழுவதும் அந்தப் போனுக்குள் போய்விட்டது. "நீ" என்றாள். "நீ… நீ…"

"தண்ணி கேட்கிறாங்க தம்பி" என்று அந்தப் பெண் மற்றக் கையை நீட்டிக் கோப்பையை எடுத்தார்.

"ஓம் ஓம், குடுங்கோ. நான் பிறகு எடுக்கிறன்" என்றான் அவன். ஒவ்வொரு நாளும் இப்படித்தான் முடிந்திருக்கிறது. அவள் மகனைக் கூப்பிட்ட உடனே அவன் போனை வைத்துவிடுகிறான்.

"வையாத!" என்று பாய்ந்து போனைப் பறித்தேன். "டேய், அவ தண்ணி கேக்கேல்லையடா. உன்னைத்தான் கூப்பிடுறா. எனக்கு 'நீர்' எண்டா, இவருக்கு 'நீங்கள்' எண்டா, உனக்கு 'நீ' எண்டு சொல்லுறா. தன்ர பிள்ளைக்கு வேற என்னெண்டு சொல்லுறது? எல்லாம் தெரியும் அவவுக்கு. எல்லாம் விளங்கும்."

அவன் முகம் திரைக்குக் கிட்ட வந்தது.

"அன்ரி… அப்ப விடுதி கதையெல்லாம்? வீட்டைப் பூட்டுற கதை, காணி விக்கிற கதை எல்லாம் நான் அவவுக்கு முன்னால, இந்தப் போனிலதானே கதைச்சனான்?"

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டார். அவன் அழுதான். பெரிய ஆம்பிளை, பின்னால் ஏதோ அலுவலகக் கதவு திறந்து மூடுகிறது, அழுதான். அவள் இடக்கையை நீட்டிப் போனின் கண்ணாடியைத் தடவினாள். படம் அங்கேயும் இங்கேயும் ஓடியது.

"அவவைக் கேளுங்கோ அன்ரி, என்ன விருப்பமெண்டு."

"நீயே கேள்."

அவன் முகத்தைத் துடைத்தான். "அம்மா, கொழும்புக்குப் போவமோ? இல்லாட்டி இஞ்ச என்னட்டக் கூப்பிடட்டோ? நீங்கள் ஆரோட இருக்கப் போறியள்?"

அவள் போனிலிருந்து கண்ணை எடுத்தாள். உண்மையைச் சொன்னால், என்னைப் பார்ப்பாள் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. மெல்லக் கழுத்தைத் திருப்பி, பக்கத்தில் நின்ற அந்தப் பெண்ணைப் பார்த்தாள்.

"நீர்" என்றாள். ஒரு திக்கலும் இல்லாமல், வகுப்பில் சொல்வதுபோல்.

அந்தப் பெண்ணின் கை பழக்கத்தில் கோப்பையோடு பாதி உயர்ந்தது. அப்படியே நின்றது. என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "என்னையாம்மா?" என்றார். "இத்தனை மாசமா என்னையத்தான் கூப்பிட்டாங்களா? மரியாதையா?"

"ஓம் பிள்ளை" என்றேன். "உம்மைத்தான்."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு, கதிரைக்குப் பக்கத்தில் நிலத்தில் அமர்ந்து, அவளின் செத்துப்போன கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "இங்கதான் இருக்கேன், டீச்சர்" என்றார். "சொல்லுங்க."